கணினியைப் போட்டதும் மின்நூல் சர்வர் தானாக ஓட: வீட்டுக்கான முழுமையான வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கணினியில் சேர்த்து வைத்த மின்நூல்களைக் கீழ்வீட்டில் இருக்கும் சித்தப்பா தம் கைப்பேசியிலேயே திறந்து படிக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாட்டைச் செய்தேன். வீட்டு வைஃபை வழியே மற்ற கருவிகளுக்கு நூல்களைக் கொடுக்கும் நிரலைத்தான் இங்கே சர்வர் என்கிறேன். பிறகு இதையே புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உறவினர் வீட்டிலும், வேறு சில வீடுகளிலும் அமைத்துக் கொடுத்தேன். போன இடமெல்லாம் ஒரே தடுமாற்றத்தைத்தான் பார்த்தேன். தானாக ஓடும் ஏற்பாட்டை முதலிலேயே செய்துவிடுகிறார்கள். பிறகு கைப்பேசியில் பக்கம் திறக்காதபோது, பிழை சர்வரிலா, வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலிலா, முகவரியிலா, தானியக்கத்திலா என்று பிரித்தறிய முடியாமல் நான்கையும் சேர்த்துக் கிளறுகிறார்கள்.

ஆகவே இந்த வழிகாட்டியில் தானியக்கம் எட்டாம் படியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய படி ஒவ்வொன்றும் சரியாக வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள். இங்கே சொல்வது விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுக்கும், மின்நூல்களைச் சேர்த்து வைக்கவும் பகிரவும் உதவும் காலிபர் என்ற மென்பொருளுக்கும் பொருந்தும்.

1. ‘தொடக்கம்’ என்று எதைச் சொல்கிறீர்கள்?

கணினி உயிர் பெறுவது ஒன்று; அதில் ஒருவர் கடவுச்சொல் கொடுத்து உள்நுழைவது வேறொன்று. காலையில் யாராவது கணினியைப் போட்டு உள்நுழைந்துவிடும் வீடு என்றால், உள்நுழைந்ததும் காலிபர் திறந்து, அதற்குள் இருக்கும் சர்வர் ஓடினால் போதும். இதை முதல் வழி என்போம். கணினி ஒரு மூலையில் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் முன் யாரும் உட்காருவதில்லை என்றால், உள்நுழைவுக்குக் காத்திராமல் சர்வர் மட்டும் தனியாக ஓட வேண்டும். இது இரண்டாம் வழி.

இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. காலிபரின் முதன்மை நிரலும் தனிச் சர்வர் நிரலும் ஒரே நூலகத் தரவுத்தளத்தில் எழுதக்கூடியவை என்பதால், ஒன்று ஓடும்போது மற்றொன்று பெரும்பாலும் திறக்க மறுக்கும். “காலிபர் திடீரென்று திறக்கவில்லை” என்று என்னை அழைத்தவர்களில் பலரிடம் இதுதான் காரணமாக இருந்தது. பெரும்பாலான வீடுகளுக்கு முதல் வழியே போதும் என்பது என் கருத்து. புதிய நூல்களை வழக்கமான சாளரத்தில் சேர்த்தபடியே சர்வரையும் ஓட விடலாம்.

2. கையில் இருக்க வேண்டியவை

காலிபரை அதன் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கி நிறுவியிருக்க வேண்டும். விண்டோஸில் நிர்வாகி உரிமையுள்ள கணக்கும், அந்தக் கணக்கின் முழுக் கடவுச்சொல்லும் வேண்டும். உள்நுழைய தினமும் அடிக்கும் நான்கு இலக்க ‘பின்’ எண் இரண்டாம் வழிக்கு உதவாது. ரூட்டருக்குள் நுழைவதற்கான பெயரும் கடவுச்சொல்லும் தேவை. இணைப்புக் கொடுக்க வந்தவர் ரூட்டரின் அடியில் ஒட்டிவிட்டுப் போன சீட்டில் அவை பெரும்பாலும் இருக்கும். சோதித்துப் பார்க்க, அதே வைஃபையில் இணைந்த ஒரு கைப்பேசியும் வேண்டும்.

நூலகத்தில் சோதனைக்குப் பத்து நூல்களாவது இருக்கட்டும். மதுரைத் திட்டத்திலிருந்தும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்திலிருந்தும் இறக்கிய ஈபப் என்ற மின்நூல் வகைக் கோப்புகளை வைத்துத்தான் நான் சோதிப்பது வழக்கம். பிடிஎஃப் மட்டும் உள்ள நூலகத்தில், கைப்பேசித் திரைக்கு ஏற்ப எழுத்து மடங்காததைக் கண்டு சர்வரைக் குறை சொல்பவர்கள் உண்டு; அது கோப்பின் இயல்பு.

3. நூலகக் கோப்புறையை முதலில் உரிய இடத்தில் வையுங்கள்

காலிபர் முதல் முறை திறக்கும்போது நூலகத்தை எங்கே வைப்பது என்று கேட்கும். கேட்ட வேகத்தில் ‘நெக்ஸ்ட்’ அழுத்திவிடாதீர்கள். டி டிரைவில், வேறு எந்தக் கோப்புறைக்குள்ளும் இல்லாமல், ‘புக்ஸ்’ போன்ற இடைவெளி இல்லாத ஒரு சிறிய ஆங்கிலப் பெயரில் கோப்புறை உருவாக்கி அதைக் காட்டுங்கள். பின்னால் கட்டளையில் இந்தப் பாதையை எழுத வேண்டியிருக்கும். அப்போது இடைவெளியும் நீளமும் தொல்லை தரும்.

ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்புடன் ஒத்திசையும் கோப்புறைக்குள் நூலகத்தை வைக்கக் கூடாது. பல கணினிகளில் ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையே நமக்குத் தெரியாமல் ஒன்டிரைவுடன் பிணைந்திருக்கும் என்பதைக் கவனியுங்கள். காலிபர் தன் தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒத்திசைவு நிரல் அதைப் பிடித்துக்கொண்டால், தரவுத்தளம் பழுதாகும் வாய்ப்பு உண்டு.

வெளி வன்தட்டில் நூலகம் இருந்தால், விண்டோஸின் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பகுதியில் அதற்கு ஒரு நிலையான எழுத்தை ஒதுக்கிவிடுங்கள். இன்று இ, நாளை எஃப் என்று எழுத்து மாறினால், சர்வர் காலியான இடத்தில் நூலகத்தைத் தேடும்.

தமிழ் நூல்களைச் சேர்த்த பிறகு கோப்புறையைத் திறந்து பார்ப்பவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. நூலாசிரியர் பெயரும் நூற்பெயரும் வாய்க்கு வராத ஆங்கில எழுத்துக் கோவையாக மாறியிருக்கும். காலிபர் கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்துக்கு மாற்றித்தான் வைத்துக்கொள்கிறது; தமிழ்ப் பெயர் தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கிறது, உலாவியிலும் தமிழிலேயே தெரியும். முத்தியால்பேட்டை வீட்டில் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து நாற்பது கோப்புறைகளுக்குத் தமிழில் பெயர் மாற்றி வைத்திருந்தார். நாற்பது நூல்களும் சர்வரில் திறக்கவில்லை. அந்தக் கோப்புறைக்குள் கையால் எதையும் மாற்றாதீர்கள்.

4. கையால் ஓட்டிப் பாருங்கள்

காலிபரில் ‘பிரிஃபரன்சஸ்’ திறந்து, ‘ஷேரிங் ஓவர் தி நெட்’ என்பதற்குள் செல்லுங்கள். சர்வருக்கான வாசல் எண் போன்ற போர்ட் எண் 8080 என்று இருக்கும். ‘ஸ்டார்ட் சர்வர்’ அழுத்திய பின் ‘டெஸ்ட் சர்வர்’ அழுத்துங்கள். அதே கணினியின் உலாவியில் நூலகப் பக்கம் திறந்தால் சர்வர் நலமாக இருக்கிறது.

திறக்காவிட்டால், 8080 என்ற எண்ணை வேறொரு நிரல் பிடித்துக்கொண்டிருக்கலாம். நிரல் எழுதப் பழகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக் கணினிகளில் இது சாதாரணம். எண்ணை 8090 என்று மாற்றி மறுபடி தொடங்குங்கள். மாற்றிய எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இனி வரும் எல்லாப் படிகளிலும் 8080 என்று நான் சொல்லும் இடத்தில் உங்கள் எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும்.

5. கைப்பேசியிலிருந்து திறந்து பாருங்கள்

சர்வர் ஓடும்போது, காலிபரின் மேற்பட்டையில் உள்ள ‘கனெக்ட்/ஷேர்’ பொத்தானை அழுத்தினால், சர்வரை நிறுத்துவதற்கான வரியிலேயே கணினியின் முகவரியும் போர்ட் எண்ணும் தெரியும். 192.168.1.25 போன்ற அந்த எண்ணைக் கைப்பேசி உலாவியில் அடித்து, ஒரு முக்காற்புள்ளி இட்டு, 8080 சேருங்கள். முகவரிக்கு முன்னால் எஸ் எழுத்து இல்லாத எச்டிடிபி என்பதையும் நீங்களே அடித்துவிடுவது நல்லது. இக்கால உலாவிகளில் சில தாமாகவே எஸ் சேர்த்துத் தேடிவிட்டுப் ‘பக்கம் இல்லை’ என்று சொல்லிவிடக்கூடும்.

இங்கேதான் பாதிப் பேர் நிற்பார்கள். முதல் காரணம் ஃபயர்வால். சர்வர் முதன்முதலில் ஓடியபோது விண்டோஸ் ஒரு சிறு சாளரத்தில் அனுமதி கேட்டிருக்கும். என்ன ஏது என்று தெரியாமல் ‘கேன்சல்’ அழுத்தியிருந்தால், அதையே தடை உத்தரவாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும், மறுபடி கேட்காது. கன்ட்ரோல் பேனலில் ‘விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால்’ திறந்து, நிரல்களை அனுமதிக்கும் பட்டியலில் காலிபரைத் தேடி, ‘பிரைவேட்’ என்ற கட்டத்தில் குறியிடுங்கள். ‘பப்ளிக்’ கட்டத்தைத் தொட வேண்டாம். அதிலும் குறியிட்டால், மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலைக் காப்பிக் கடையின் வைஃபையில் இணையும்போது, உங்கள் நூலகம் பக்கத்து மேசைக்கும் திறந்திருக்கும்.

இரண்டாவது காரணம், வீட்டு வைஃபையையே விண்டோஸ் ‘பப்ளிக்’ என்று எடுத்துக்கொண்டிருப்பது. அமைப்புகளில் அந்த இணைப்பின் பண்புகளைத் திறந்து ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள். மூன்றாவது, கைப்பேசி விருந்தினர் வைஃபையில் இருப்பது. அதில் இணைந்த கருவிகள் வீட்டுக் கணினியைப் பார்க்க முடியாதபடி பல ரூட்டர்கள் தடுத்துவிடும். கைப்பேசி வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சித்தப்பா ஒரு வாரம் என்னைச் சுற்ற விட்டது இதில்தான்.

6. முகவரியை நிலைநிறுத்துங்கள்

இன்று 25 என்று முடியும் முகவரி, ரூட்டர் அணைந்து எழுந்ததும் 31 ஆகிவிடலாம். அப்போது சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும். கைப்பேசியில் சேமித்த இணைப்பு மட்டும் செத்துப்போகும்.

ரூட்டருக்குள் சென்று, கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி அமைப்பில் ‘ரிசர்வேஷன்’ அல்லது ‘ஸ்டாட்டிக் லீஸ்’ என்ற பகுதியில், கணினியின் வலைக் கருவிக்கே உரிய அடையாள எண்ணான மேக் முகவரிக்கு ஒரு நிலையான எண்ணை ஒதுக்குங்கள். கணினி வைஃபையில் இணையும்போது ஒரு மேக் முகவரியும், கம்பியில் இணையும்போது வேறொன்றும் இருக்கும். எந்த இணைப்பில் நிரந்தரமாக இருக்கப் போகிறதோ அதற்கு ஒதுக்குங்கள். வாய்ப்பிருந்தால் கம்பி இணைப்பே நல்லது.

7. கடவுச்சொல் இடுங்கள்

அதே ‘ஷேரிங் ஓவர் தி நெட்’ பகுதியில், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கட்டாயம் என்ற வரியில் குறியிட்டு, ‘யூசர் அக்கவுண்ட்ஸ்’ தாவலில் வீட்டில் உள்ளவர்களுக்குத் தனித்தனிக் கணக்குத் தொடங்குங்கள். கடவுச்சொல்லில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் மட்டுமே செல்லும். தமிழில் அடித்தால் ஏற்காது. பயனர் பெயரையும் ஆங்கில எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் கணக்குக்கு நூல்களை மாற்றும் உரிமையை எடுத்துவிடலாம். மாற்றங்களைச் சேமித்த பின் சர்வரை நிறுத்தித் தொடங்கினால்தான் அவை நடைமுறைக்கு வரும்.

கடவுச்சொல் இட்டதும் உலாவியில் சரியாகத் திறந்து, சில படிப்புச் செயலிகளில் மட்டும் மறுக்கப்படுவதைப் பார்க்கலாம். மூன்+ ரீடர், கேஓரீடர் போன்ற செயலிகள், முகவரியின் இறுதியில் ஒரு சாய்கோடும், நூற்பட்டியல் முறையின் பெயரான ஓபிடிஎஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் சேர்த்தால் நூலகத்தின் பட்டியலை எடுத்துக்கொள்ளும். காலிபர் சாதாரண இணைப்பில் ‘டைஜஸ்ட்’ முறையில் கடவுச்சொல் கேட்கிறது. சில செயலிகளுக்கு ‘பேசிக்’ முறை மட்டுமே தெரியும். மேம்பட்ட அமைப்புகளில் அங்கீகார முறையை ‘பேசிக்’ என்று மாற்றினால் அவையும் நுழையும். ஆனால் அந்த முறையில் கடவுச்சொல் மறைக்கப்படாமலே வலையில் செல்கிறது என்பதால், வீட்டுக்குள் மட்டும் இருக்கும் சர்வருக்கே அது ஏற்றது. இதே காரணத்துக்காக, ரூட்டரில் போர்ட்டைத் திறந்து நூலகத்தை இணையத்துக்குக் காட்டும் வேலையை இந்த வழிகாட்டியோடு சேர்க்காதீர்கள்.

8. முதல் வழி: உள்நுழைந்ததும் ஓட

மூன்று அமைப்புகள் சேர்ந்தால்தான் இந்த வழி நிற்கும். முதலாவதாக, சர்வர் அமைப்புப் பக்கத்தில், காலிபர் திறந்ததும் சர்வரைத் தானாக ஓட்டும் வரியில் குறியிடுங்கள். இரண்டாவதாக, ‘லுக் அண்ட் ஃபீல்’ பகுதியில் சிஸ்டம் ட்ரே சின்னத்தை, அதாவது கடிகாரத்துக்கு அருகில் தெரியும் சிறு சின்னத்தை, இயக்குங்கள். இது இல்லாவிட்டால், யாராவது காலிபர் சாளரத்தின் மூலையில் உள்ள பெருக்கற்குறியை அழுத்தியதும் சர்வரும் சேர்ந்து மூடிக்கொள்ளும். இது இருந்தால் சாளரம் கடிகாரத்துக்கு அருகில் ஒதுங்கி நிற்கும்.

மூன்றாவது, விண்டோஸிடம் சொல்வது. விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி, ‘ஷெல்’ என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, ‘ஸ்டார்ட்அப்’ என்ற சொல் ஆகியவற்றை இடைவெளியின்றி அடித்தால் தொடக்கக் கோப்புறை திறக்கும். அதில் காலிபரின் குறுக்குவழி ஒன்றை இடுங்கள். அதன் பண்புகளைத் திறந்து, ‘டார்கெட்’ வரியின் இறுதியில், மேற்கோள்குறிக்கு வெளியே, ஓர் இடைவெளி விட்டு இரண்டு சிறுகோடுகளும், அவற்றை ஒட்டி ஸ்டார்ட், இன், ட்ரே ஆகிய மூன்று சொற்களை ஒற்றைக் கோட்டால் இணைத்தும் எழுதுங்கள். காலிபர் சாளரம் காட்டாமல் ட்ரேயில் தொடங்கும். மேற்கோள்குறிக்கு உள்ளே எழுதினால், அப்படியொரு கோப்பே இல்லை என்று விண்டோஸ் சொல்லும்.

9. இரண்டாம் வழி: யாரும் உள்நுழையாமலே ஓட

முதலில் எட்டாம் படியில் செய்தவற்றை நீக்கி, காலிபரை ட்ரேயிலிருந்தும் முழுமையாக மூடுங்கள். பிறகு, விண்டோஸில் பணிகளைத் தானாக ஓட்டும் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ திறந்து, ‘கிரியேட் டாஸ்க்’ அழுத்துங்கள். அதற்கு மேலே உள்ள ‘பேசிக் டாஸ்க்’ எளிமையாகத் தெரிந்தாலும், நமக்குத் தேவையான பாதி அமைப்புகள் அதில் இல்லை.

‘ஜெனரல்’ தாவலில், பயனர் உள்நுழைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு என்ற தெரிவை எடுங்கள். கணக்கு, காலிபரில் பயனர்களை உருவாக்கிய அதே விண்டோஸ் கணக்காக இருக்க வேண்டும். ஏழாம் படியில் உருவாக்கிய பயனர் பட்டியல் அந்தக் கணக்கின் அமைப்புக் கோப்புறையில்தான் இருக்கிறது. ‘ட்ரிகர்ஸ்’ தாவலில் ‘அட் ஸ்டார்ட்அப்’ தெரிவு செய்து, ஒரு நிமிடத் தாமதம் கொடுங்கள். வன்தட்டும் வலையிணைப்பும் எழுந்து நிற்பதற்கான அவகாசம் அது.

‘ஆக்ஷன்ஸ்’ தாவலில், ‘பிரவுஸ்’ அழுத்தி, புரோகிராம் ஃபைல்ஸில் உள்ள காலிபர்2 கோப்புறைக்குள் ‘காலிபர்-சர்வர்’ என்ற நிரலைத் தேர்ந்தெடுங்கள். பெயரில் சர்வர் இல்லாத நிரல் முதன்மை நிரல். அவசரத்தில் அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம். அடுத்த பெட்டியில் மூன்றைக் கொடுக்க வேண்டும்: நூலகக் கோப்புறையின் பாதை, இரண்டு சிறுகோடுகளுடன் ‘எனேபிள்-ஆத்’, இரண்டு சிறுகோடுகளுடன் ‘லாக்’ என்பதும், அதை அடுத்துப் பதிவுக் கோப்பு எழுதப்பட வேண்டிய பாதையும். கடவுச்சொல் கட்டாயம் என்பதைத் தனிச் சர்வருக்குக் கட்டளையிலேயே சொல்ல வேண்டும். காலிபர் சாளரத்தில் குறியிட்டிருக்கிறோமே என்று இதை விட்டுவிட்டால், நூலகம் கடவுச்சொல் கேட்காமலே திறந்துகொள்ளும். 8080 தவிர வேறு எண் என்றால், ‘போர்ட்’ என்ற தெரிவையும் அதே முறையில் சேருங்கள். ‘ஸ்டார்ட் இன்’ பெட்டி காலியாகவே இருக்கட்டும்.

மடிக்கணினி என்றால், ‘கண்டிஷன்ஸ்’ தாவலில் மின்னிணைப்பு இருந்தால் மட்டும் ஓட்டு என்ற குறியை எடுத்துவிடுங்கள்.

‘செட்டிங்ஸ்’ தாவலில் ஒரு வரி பதுங்கியிருக்கிறது: மூன்று நாள்களுக்கு மேல் ஓடினால் பணியை நிறுத்து என்பது. அதில் இயல்பாகவே குறி இடப்பட்டிருக்கும். திங்கட்கிழமை அமைத்து, செவ்வாய், புதன் எல்லாம் நன்றாக ஓடி, வியாழன் அன்று ஓசையின்றி சர்வர் நின்றுபோவதற்கு இதுவே காரணம். அந்தக் குறியை எடுங்கள். தோல்வியுற்றால் ஒரு நிமிடத்துக்குப் பின் மறுபடி தொடங்கு என்பதை இயக்குங்கள். சேமிக்கும்போது விண்டோஸ் கேட்கும் கடவுச்சொல்லுக்குப் பதிலாக ‘பின்’ எண்ணைக் கொடுக்காதீர்கள். கடவுச்சொல்லே இல்லாத கணக்கானால், முதலில் ஒன்றை உருவாக்கிக்கொண்டு வாருங்கள்.

தனிச் சர்வர் வேறொரு நிரல் என்பதால் ஐந்தாம் படியின் ஃபயர்வால் அனுமதி அதற்குச் செல்லாது. அதே பட்டியலில் அதையும் சேர்த்து ‘பிரைவேட்’ குறியிடுங்கள். திரையில் யாரும் இல்லாதபோது ஓடும் நிரலுக்கு அனுமதி கேட்கும் சாளரம் வந்தாலும் அழுத்த ஆள் இருக்காது.

10. அணைத்துப் போட்டாலும், மின்சாரம் போய் வந்தாலும்

‘ரீஸ்டார்ட்’ செய்தால் சர்வர் ஓடுகிறது, இரவு அணைத்துக் காலையில் போட்டால் ஓடவில்லை என்ற புகார் இரண்டாம் வழிக்காரர்களிடம் வரும். விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கும்போது, அணைப்பது முழு அணைப்பாக இருப்பதில்லை. அமைப்பின் ஒரு பகுதியை வன்தட்டில் உறங்க வைத்து மறுநாள் எழுப்புகிறது. அதனால் தொடக்கப் பணிகள் தூண்டப்படாமல் போகலாம். கன்ட்ரோல் பேனலின் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ பகுதியில், பவர் பொத்தான்களின் செயலைத் தெரிவு செய்யும் பக்கத்தில் அதை அணைத்துவிடுங்கள். கணினி தானாக உறங்கும் நேரத்தையும் ‘நெவர்’ என்று வையுங்கள்; உறங்கும் கணினியில் சர்வரும் உறங்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் கரண்ட் போய் வருவதைச் சொல்ல வேண்டியதில்லை. மேசைக் கணினியின் பயாஸ் அமைப்பில், அதாவது விண்டோஸ் எழுவதற்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பில், மின்சாரம் திரும்பியதும் என்ன செய்வது என்ற வரி இருக்கும். ‘ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்’ போன்ற பெயரில் காணலாம். அதைப் ‘பவர் ஆன்’ என்று மாற்றினால், கரண்ட் வந்ததும் கணினி தானே எழும். யுபிஎஸ் இல்லாத வீட்டில் இதைச் செய்யாதீர்கள் என்பேன். பத்து நிமிடத்தில் நான்கு முறை போய் வரும் மழை இரவில், நான்கு முறையும் கணினி பாதி எழுந்து விழும். வன்தட்டுக்கும் நூலகத் தரவுத்தளத்துக்கும் அது கேடு. யுபிஎஸ் இருந்தாலும், மாதம் ஒரு முறை நூலகக் கோப்புறை முழுவதையும் வேறொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். நகலெடுக்கும் நேரத்தில் சர்வரை நிறுத்தியிருங்கள்.

11. சோதனையும், ஓடாதபோது பார்க்க வேண்டிய இடமும்

கணினியை முழுமையாக அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்துப் போடுங்கள். முதல் வழியில் உள்நுழைந்த பிறகும், இரண்டாம் வழியில் உள்நுழையாமலேயும், மூன்று நிமிடம் காத்திருந்து கைப்பேசியில் திறந்து பாருங்கள். கணினியின் உலாவியில் சோதிப்பது இங்கே போதாது, இரண்டாம் வழியில் அதற்காக உள்நுழைந்தாலே சோதனை கெட்டுவிடும்.

இரண்டாம் வழியில் ஓடவில்லை என்றால், டாஸ்க் ஷெட்யூலரில் கடைசி ஓட்டத்தின் விளைவைப் பாருங்கள். 41301 என்று முடியும் எண் இருந்தால் பணி ஓடிக்கொண்டிருக்கிறது. குறை ஃபயர்வாலிலோ முகவரியிலோதான், ஐந்தாம், ஆறாம் படிகளுக்குத் திரும்புங்கள். 2 என்று மட்டும் முடிந்தால் நிரலின் பாதை தவறு. எண் எதுவானாலும் பதிவுக் கோப்பின் கடைசி வரிகளைப் படியுங்கள். நூலகம் அகப்படவில்லை என்பதையும், போர்ட் வேறொருவரிடம் இருக்கிறது என்பதையும் அது நேரடியாகவே சொல்லிவிடும்.

12. புதிய நூல் சேர்க்கும் நாளில்

முதல் வழிக்காரர்கள் ட்ரே சின்னத்தைச் சொடுக்கி வழக்கம்போல் சேர்க்கலாம். இரண்டாம் வழியில் உள்ளவர்கள், டாஸ்க் ஷெட்யூலரில் பணியை வலச்சொடுக்கி ‘எண்ட்’ கொடுத்து, காலிபரைத் திறந்து, நூல்களைச் சேர்த்து, காலிபரை முழுமையாக மூடிய பின் பணியை மறுபடி ‘ரன்’ செய்ய வேண்டும். சர்வர் ஓடும்போது காலிபர் தானே மறுத்துவிடும் என்று அசட்டையாக இருக்காதீர்கள். பின்னணியில் ஓடும் பணியை அது எப்போதும் கண்டுகொள்ளும் என்று சொல்ல முடியாது.

ஓரிரு நூல்களுக்காக இவ்வளவும் வேண்டியதில்லை. மாற்றும் உரிமையுள்ள கணக்கில் உலாவி வழியே நுழைந்தால், பட்டியலில் நூல் சேர்க்கும் வசதி அங்கேயே உண்டு. சித்தப்பா இப்போது கைப்பேசியில் இறக்கும் ஈபப் கோப்புகளை அப்படித்தான் சேர்க்கிறார். ஆசிரியர் பெயரைத் திருத்துவதற்கு மட்டும் மாடிக்கு வருகிறார்.